மென்பொருளைப் பொதி கட்டுதல்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அருள்புரம் இருக்கிறது. பனியன் நிறுவனங்களும் சாயப்பட்டறைகளும் நெருங்கி நிற்கும் ஊர் அது. அங்குள்ள ஒரு நிறுவனத்தினுள் நுழைந்து, கட்டிங் மேசையையும் தையல் வரிசையையும் கடந்து கடைக்கோடிக்குப் போனால் பேக்கிங் பிரிவு வரும். ஆடைகளை மடித்து, பாலித்தீன் உறையிலிட்டு, அளவு வாரியாக அடுக்கி, அட்டைப் பெட்டியில் வைத்து நாடா ஒட்டுகிறார்கள். பெட்டியோடு ஒரு சீட்டும் போகிறது. எந்த நிறத்தில் எத்தனை, எந்த அளவில் எத்தனை, எடை எவ்வளவு என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். பேக்கிங் லிஸ்ட் என்பார்கள். கடல் கடந்த நாட்டில் அந்தப் பெட்டியைப் பெறுபவர் முதலில் பார்ப்பது ஆடையை அன்று, அந்தச் சீட்டைத்தான்.

மாணவ நண்பர்களே, கணினிக்காக எழுதப்படும் நிரல்களும் இவ்வாறே பொதிகளாகக் கட்டப்பட்டு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகின்றன. அவற்றோடும் ஒரு சீட்டுப் போகிறது. அந்தச் சீட்டில் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டாலும், எழுத வேண்டாததை எழுதிவிட்டாலும் என்ன நேர்கிறது என்பதை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். மென்பொருள்கள் பலவற்றுள்ளும் சர்வர் மென்பொருளையே எடுத்துக்கொள்கிறேன்.

சர்வர் என்றவுடன் ஓட்டலில் தோளில் துண்டோடு வந்து, "என்ன வேண்டும்?" என்று கேட்பவர் உங்கள் நினைவுக்கு வரலாம். அதில் பிழையில்லை. இரண்டும் ஒரே சொல்தான். கேட்பவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பதே இரண்டுக்கும் தொழில். நீங்கள் தொலைபேசியில் தேர்வு முடிவைப் பார்க்கும்போது, எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஒன்று அந்தப் பக்கத்தை எடுத்து அனுப்புகிறது. அந்தக் கணினியில் இயங்கி, வருகின்ற வேண்டுகோள்களைக் கேட்டு விடை அளிக்கும் நிரலே சர்வர் மென்பொருள். ஒருவருக்காக ஓடுவதன்று, ஊருக்காக ஓடுவது. ஆகையால் அதில் ஒரு குறை நேர்ந்தால் பாதிக்கப்படுவோரும் ஊரார் எல்லோருமே.

பனியன் பெட்டிக்கும் மென்பொருட் பொதிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பனியன் பெட்டியின் சீட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதினால் போதும். மென்பொருட் பொதியின் சீட்டில், உள்ளே என்ன இல்லை என்றும் எழுதவேண்டும். "இந்த நிரல் ஓடவேண்டுமானால் உங்கள் கணினியில் இன்னின்ன நிரல்கள் முன்னமே இருத்தல் வேண்டும்" என்று சொல்லவேண்டும். இதைத்தான் சார்பு என்கிறோம்.

சார்பு என்றால் என்ன என்பதை அருள்புரத்துப் பிள்ளைகளுக்கு நான் கற்பிக்கவேண்டிய தேவை இல்லை. அவர்கள் வீட்டிலேயே அதைக் கண்டு வளர்ந்தவர்கள். நூலிலிருந்து பனியனாகும் வரையிலான வேலையை ஒரே கூரையின்கீழ் செய்து முடிக்கும் நிறுவனங்கள் சில உண்டு. ஆனால் திருப்பூரின் இயல்பு அதுவன்று. நூல் ஓரிடத்தில் நிட்டிங் ஆகிறது. துணி வேறோரிடத்தில் சாயமேறுகிறது. காம்பேக்டிங் மற்றோரிடம். பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பெரும்பாலான பணிகளை ஜாப் ஒர்க் என்ற முறையில் வெளியே கொடுத்து வாங்குகிறார்கள். சாயம் ஏறாமல் கட்டிங் இல்லை. கட்டிங் ஆகாமல் தையல் இல்லை. இது கட்டாயச் சார்பு. ஆனால் எம்பிராய்டரி அப்படியன்று. நெஞ்சில் ஒரு பூவோ எழுத்தோ கேட்கும் ஆர்டருக்குத்தான் எம்பிராய்டரி இயந்திரம் வேண்டும். எதுவும் கேட்காத ஆர்டர் அந்தப் பக்கமே போகாமல் பேக்கிங்குக்கு வந்துவிடும். இது விருப்பக் கூறு. கணினியார் மாட்யூல் என்று சொல்வது இதையே.

ஆண்டு முழுவதற்கும் ஓர் ஆர்டரில் மட்டும் எம்பிராய்டரி வருகிறதென்றால், அதற்காக எந்த முதலாளியும் இயந்திரத்தை விலைக்கு வாங்கி, அதற்கு ஓர் அறையும் ஓர் ஆளும் மின்சாரமும் ஒதுக்கமாட்டார். ஆனால் மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைத்தான் அடிக்கடி செய்கிறார்கள். நூற்றில் ஒருவர் கேட்கும் வசதிக்காக, நூறு பேருடைய கணினியிலும் அந்த இயந்திரத்தை இறக்கி வைத்துவிடுகிறார்கள். மென்பொருள் கண்ணுக்குத் தெரியாதது. இடத்தை அடைப்பதும் தெரியாது. அதனால் யாரும் கேட்பதில்லை.

சார்பின் கனத்தைத் திருப்பூர் ஒருமுறை நன்றாக உணர்ந்தது. சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே பாசனம் செய்த உழவர்களின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. அவர்கள் நீண்ட காலம் வழக்காடினார்கள். 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளையும் அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடிவைக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உழவர்களின் வழக்கில் நியாயம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் இங்கே சொல்ல வருவது வேறு. அன்று நிட்டிங் இயந்திரம் பழுதாகவில்லை. தையற்காரரின் கை சோரவில்லை. ஆர்டரும் கையில் இருந்தது. ஆயினும் தையல் வரிசைகள் வெறிச்சோடின. துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்கியவர்கள் காலத்தையும் பணத்தையும் இழந்தார்கள். சங்கிலியின் நடுவில் இருந்த ஒரு கண்ணி நின்றது. அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் நின்றன.

அந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தையும் சற்று நினைத்துப் பாருங்கள். அருள்புரத்திலும் அத்தகைய நிலையம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சாயப்பட்டறையும் தனித்தனியே நிலையம் கட்டினால் செலவு தாங்காது என்பதால் பல பட்டறைகள் சேர்ந்து ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொள்கின்றன. கணினியிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. கோப்பைச் சுருக்குவது, படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்குவது, செய்தியை மறைமொழியாக்குவது போன்ற பணிகள் பல நிரல்களுக்குப் பொதுவானவை. அவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதாமல், ஒருவர் எழுதிவைத்ததை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு லைப்ரரி என்று பெயர்; தமிழில் நிரலகம் என்பர். ஒரு நிரலகத்தில் ஒரு பிழையைத் திருத்தினால், அதைச் சார்ந்த ஆயிரம் நிரல்களும் ஒரே நாளில் திருந்திவிடும். நிரலகம் நின்றுபோனாலோ, அதில் தீங்கு புகுந்தாலோ, அந்த ஆயிரமும் அகப்பட்டுக்கொள்ளும். இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்கள்.

இனி, பொதி கட்டும் கலை வளர்ந்த கதைக்கு வருவோம். தொடக்கத்தில் நிரலைப் பெறுபவர் அதன் மூல எழுத்தைப் பெற்று, தம் கணினியிலேயே தொகுத்து இயக்கவேண்டியிருந்தது. பாதியில் நின்று, "இன்ன நிரலகம் இல்லை" என்று கணினி சொல்லும். அதைத் தேடிப் பிடித்து வந்தால், அது வேறொன்றைக் கேட்கும். அந்த வேறொன்று இன்னொன்றைக் கேட்கும். இந்தத் துன்பத்துக்கு அந்நாளில் சார்பு நரகம் என்றே பெயர் வைத்தார்கள்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் டெபியன் என்ற இயக்குதள முயற்சியைத் தொடங்கினார். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. ஒவ்வொரு நிரலையும் ஒழுங்கான பொதியாகக் கட்டி, அதன் சீட்டில் சார்புகளை முறையாக எழுதவேண்டும் என்பது அம்முயற்சியின் உயிர்நாடி. 1999 மார்ச்சில் வந்த 2.1 பதிப்பில் ஆப்ட் என்னும் கருவி சேர்ந்தது. நீங்கள் ஒரு பொதியைக் கேட்டால், ஆப்ட் அதன் சீட்டைப் படித்து, அது கேட்பவற்றையும், அவை கேட்பவற்றையும் தானே தேடிப் பட்டியலிட்டு, முறைப்படி கொண்டுவந்து வைக்கும். ஒன்றோடொன்று முரண்படாதவாறு பொதிகளைத் தேர்ந்தெடுக்கும் இந்தக் கணக்கு, கணினியியலில் மிகக் கடினமான கணக்குகளின் வரிசையில் சேர்ந்தது என்று அறிஞர்கள் நிறுவியிருக்கிறார்கள். நாம் ஒரு வரி எழுதி விசையைத் தட்டுவதால் அதன் கடுமை நமக்குத் தெரிவதில்லை. 2023 இல் வெளிவந்த டெபியன் 12ஆம் பதிப்பில் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன.

இது எங்கோ நடந்த செய்தி என்று எண்ணவேண்டாம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய இயக்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2018 இல் வந்த நம் மாநிலப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் நீங்கள் படித்த உபுண்டுவும் டெபியனிலிருந்து கிளைத்ததே. ஆகவே அந்தச் சீட்டு உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

டெபியன் சீட்டில் சார்பை எழுத முதன்மையாக மூன்று சொற்கள் உண்டு. டிபெண்ட்ஸ் என்பது "இது இல்லாவிட்டால் நான் இல்லை" என்பது. ரெக்கமெண்ட்ஸ் என்பது "வழக்கமாக எல்லோரும் என்னோடு இதையும் வைத்துக்கொள்வார்கள், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்" என்பது. சஜெஸ்ட்ஸ் என்பது "இதுவும் இருந்தால் சிலருக்குப் பயன்படும்" என்பது. நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், இட்டிலிக்கு மாவு முதல்வகை. சட்டினி இரண்டாம் வகை. நல்லெண்ணெய் கலந்த பொடி மூன்றாம் வகை. பொடி இல்லை என்பதற்காக யாரும் இட்டிலி வார்க்காமல் இருப்பதில்லை. (சட்டினியை முதல்வகையில் சேர்க்கவேண்டும் என்று வாதாடுபவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். பொதி கட்டுவோரிடையேயும் இப்படிப்பட்ட வாதங்கள் நாள்கணக்கில் நடக்கின்றன.)

இந்த மூன்று சொற்களுள் சரியானதைத் தேர்ந்தெடுப்பதில்தான் பொதி கட்டுபவரின் நேர்மை வெளிப்படுகிறது. எல்லாவற்றையும் டிபெண்ட்ஸ் என்று எழுதிவிட்டால் அவருக்கு வேலை எளிது. "இது ஓடவில்லை" என்று யாரும் புகார் எழுதமாட்டார்கள். சுமையெல்லாம் பயன்படுத்துபவர் தலையில்.

உண்மையான ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2004 இல் என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சர்வரை வெளியிட்டார். உலகெங்கும் பெருவாரியாகப் பயன்படும் சர்வர்களில் அது ஒன்று. அதற்கு விருப்பக் கூறுகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று படங்களை வேண்டிய அளவுக்குச் சுருக்கித் தரும் கூறு. ஆனால் நெடுங்காலம் அந்தக் கூறுகளைச் சர்வரோடு சேர்த்தே தொகுக்கவேண்டியிருந்தது. பிறகு கழற்றவோ மாட்டவோ வழியில்லை. பொதி கட்டுபவர் என்ன செய்வார்? யாருக்கு எது வேண்டுமென்று அவருக்கு எப்படித் தெரியும்? டெபியனில் ஒரே சர்வரை லைட், ஃபுல், எக்ஸ்ட்ராஸ் என்று பலவாறாகத் தொகுத்து வைத்தார்கள். ஓட்டலில் அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு, விருந்துச் சாப்பாடு என்று பலகை வைத்திருப்பதைப் போல. ஒருவருக்கு அளவுச் சாப்பாட்டோடு ஒரு வடை மட்டும் வேண்டுமென்றால் அதற்கு இடமில்லை. விருந்தை முழுதாக வாங்கவேண்டும்.

அந்த வடையின் விலையைக் கேளுங்கள். படம் சுருக்கும் கூறு ஜி.டி. என்னும் நிரலகத்தைச் சார்ந்தது. ஜி.டி. பலவகைப் படக் கோப்புகளுக்குரிய நிரலகங்களைக் கேட்கும். படத்தின்மீது எழுத்து வரைவதற்காக எழுத்துரு நிரலகங்களைக் கேட்கும். பழைய பட வகை ஒன்றுக்காக, திரையில் சாளரம் வரைய உதவும் நிரலகத்தையும் கேட்கும். எழுத்துப் பக்கங்களை மட்டும் பரிமாறும் சர்வர், திரையே இல்லாத கணினியில் ஓடுவது, சாளரம் வரையும் நிரலகத்தைச் சுமந்துகொண்டு நிற்கும்! சுமை மட்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். அந்த நிரலகங்களில் எதிலேனும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டால், அதைத் திருத்தும் பொறுப்பும் அந்தச் சர்வரைக் காப்பவருக்கு வந்துவிடுகிறது.

2016 பிப்ரவரியில் வந்த 1.9.11 பதிப்பில் என்ஜின்எக்ஸ் தன் வழியை மாற்றிக்கொண்டது. கூறுகளைத் தனிக் கோப்புகளாகத் தொகுத்து, சர்வர் எழும்போது வேண்டியதை மட்டும் ஏற்றிக்கொள்ளும் வசதி வந்தது. அதன்பின் டெபியனும் கூறுகளைத் தனித்தனிப் பொதிகளாகப் பிரித்தது. படம் சுருக்கும் கூறு வேண்டுமென்பவர் அந்தப் பொதியைக் கேட்பார், அதனோடு ஜி.டி. முதலியவை வரும். கேட்காதவர் கணினிக்கு அவை வருவதில்லை. சார்பு அழிந்துவிடவில்லை, உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

தனியே பிரித்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. ஓவர்லாக் இயந்திரத்தின் ஊசியைப் பவர் தையல் இயந்திரத்தில் மாட்ட முடியாது என்பதைத் தையற்காரர் எவரும் சொல்வார். இரண்டும் ஊசிதான், தண்டின் அமைப்பு வேறு. அதுபோல, ஒரு பதிப்புச் சர்வருக்காகத் தொகுத்த கூறு, மற்றொரு பதிப்புச் சர்வரில் பொருந்தாமல் போகலாம். என்ஜின்எக்ஸ் இந்தப் பொருத்தத்தைச் சோதித்துப் பார்த்து, ஒவ்வாத கூறை ஏற்க மறுத்துவிடுகிறது. ஆகவே சீட்டில், "எனக்கு இன்ன சர்வர் வேண்டும்" என்பதோடு, "இன்ன பதிப்பே வேண்டும்" என்றும் எழுதவேண்டியிருக்கிறது. சர்வரைப் புதுப்பிப்பவர் எல்லாக் கூறுகளையும் உடன் புதுப்பிக்கவேண்டும்.

உங்களில் ஒருவர், கல்லூரியில் கணினியியல் படிப்பவர், பனியன் நிறுவனங்களுக்காக ஒரு சர்வர் மென்பொருள் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த லாட் துணி எந்தப் பட்டறைக்குப் போயிற்று, எத்தனை கிலோ போயிற்று, எத்தனை கிலோ திரும்பிற்று என்று கணக்கு வைப்பது அதன் தலையாய வேலை. பிறகு ஆசை வளர்கிறது. பெட்டிக்குப் பார்கோடு அச்சிடலாம். நாள்தோறும் முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். மாத உற்பத்தியை வரைபடமாகக் காட்டலாம். ஒவ்வோர் ஆசைக்கும் ஒரு நிரலகம். பத்து இயந்திரம் வைத்திருக்கும் சிறு பட்டறைக்காரர், தம் பழைய கணினியில் லாட் கணக்கு மட்டும் போதுமென்று இதை நிறுவ முயல்கிறார். வரைபட நிரலகம் அந்தக் கணினியில் ஏறவில்லை என்பதால் லாட் கணக்கும் ஏறாமல் நின்றுவிடுகிறது.

இங்கே செய்யத்தக்கது இது. லாட் கணக்கு மட்டும் தனிப் பொதி. பார்கோடு ஒரு பொதி, மின்னஞ்சல் ஒரு பொதி, வரைபடம் ஒரு பொதி. சார்பு கூறிலிருந்து சர்வரை நோக்கிப் போகவேண்டும். சர்வரிலிருந்து கூறை நோக்கிப் போகக்கூடாது. சர்வரின் சீட்டில் கூறுகளைச் சஜெஸ்ட்ஸ் என்று மட்டும் குறிக்கலாம். சர்வர் தன் நிரலுக்குள்ளே கூறுகளின் பெயர்களை எழுதிவைத்துக்கொள்ளாமல், குறிப்பிட்ட அடைவு ஒன்றைப் பார்த்து, அங்கே வந்திருப்பவற்றை மட்டும் ஏற்றிக்கொள்ளவேண்டும். வரைபடத்தைக் கேட்டவருக்கு அந்தக் கூறு இல்லையென்றால், வாயடைத்து விழுந்துவிடாமல், "வரைபடக் கூறு நிறுவப்படவில்லை, இன்ன பொதியை நிறுவுக" என்று ஒரு வரி சொல்லவேண்டும். அந்த ஒரு வரிக்காக எத்தனையோ பேர் எத்தனையோ இரவுகளில் ஏங்கியிருக்கிறார்கள்!

எழுதியவுடன் சோதிக்கவும் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் செய்கிற தவறு, தம் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுகிறதே" என்று மகிழ்வதுதான். அந்தக் கணினியில் எல்லா நிரலகங்களும் என்றோ வந்து குடியேறியிருக்கும். சீட்டில் எழுத மறந்தது எது என்று அது காட்டிக்கொடுக்காது. ஒன்றுமில்லாத புதுக் கணினியில் சர்வரை மட்டும் நிறுவிப் பார்க்கவேண்டும்; பிறகு ஒவ்வொரு கூறாகச் சேர்த்துப் பார்க்கவேண்டும். எல்லாச் சேர்க்கைகளையும் பார்த்துவிட முடியுமா என்றால், பத்துக் கூறுகள் இருந்தால் 1,024 சேர்க்கைகள் ஆகும். இருபது இருந்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். அதனாலேயே, கூறு ஒவ்வொன்றும் மற்றக் கூறுகளைப் பற்றி ஒன்றும் அறியாததாக இருப்பது நல்லது.

இதுவரை சொன்னவை ஒழுங்கையும் சிக்கனத்தையும் பற்றியவை. இனிச் சொல்லப்போவது வேறு வகை. 2024 மார்ச் 29 அன்று உலகெங்கும் சர்வர்களைக் காப்போர் திடுக்கிட்டார்கள். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் டெபியனின் சோதனைப் பதிப்பு ஒன்றில் தரவுத்தள வேலையை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்-எஸ்.எஸ்.ஹெச். என்னும் சர்வர், வழக்கத்தைவிட அரை விநாடி அளவு தாமதமாக விடை சொல்வதைக் கண்டார். அரை விநாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்-ஸெட் என்னும் கோப்புச் சுருக்கும் நிரலகத்தின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் யாரோ ஒரு கள்ள வாயிலை ஒளித்து வைத்திருந்தார்கள். அதற்குரிய சாவி உள்ளவர், கடவுச்சொல் இல்லாமலே அந்தக் கணினியில் தாம் விரும்பிய கட்டளையை நிறைவேற்றலாம்.

கோப்பைச் சுருக்கும் நிரலகத்துக்கும் வாயிற்காவலனான சர்வருக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கவேண்டும். ஓபன்-எஸ்.எஸ்.ஹெச். எழுதியவர்கள் எக்ஸ்-ஸெட்டைக் கேட்கவே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்றவற்றில் பொதி கட்டியவர்கள், "நான் எழுந்து ஆயத்தமாகிவிட்டேன்" என்று சர்வர் தன் மேலாளரான சிஸ்டம்-டிக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று சிறு இணைப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகச் சிஸ்டம்-டியின் நிரலகம் முழுதும் உள்ளே வந்தது. அந்த நிரலகமோ, பதிவேடுகளைச் சுருக்கி வைக்கும் வேறொரு வேலைக்காக எக்ஸ்-ஸெட்டைச் சார்ந்திருந்தது. ஆக, வாயிற்காவலன் ஒருபோதும் பயன்படுத்தாத ஒரு நிரலகம், அவன் அறையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. தீயவர் இந்தச் சங்கிலியைத் தெரிந்தே தேர்ந்தெடுத்திருந்தார். டெபியன் பொதியாகவோ ஆர்.பி.எம். பொதியாகவோ கட்டப்படும் வேளையில் மட்டும் விழித்தெழுமாறு அந்தக் கள்ளநிரலை அமைத்திருந்தார்.

அது உள்ளே புகுந்த விதமும் வருத்தத்துக்குரியது. எக்ஸ்-ஸெட்டைப் பல ஆண்டுகளாகக் காத்துவந்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கோலின். ஊதியம் எதுவும் பெறாமல், ஓய்வு நேரத்தில் செய்துவந்தார். 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, நல்ல திருத்தங்களை அனுப்பி, நம்பிக்கையைப் பெற்றார். வேலை தாமதமாகிறது என்று முகந்தெரியாத சிலர் கோலினை நெருக்கினார்கள். மெல்ல மெல்லப் பொறுப்பு புதியவர் கைக்குப் போயிற்று. அவர் உண்மையில் யார் என்பது இதுவரை வெளிப்படவில்லை. கள்ள வாயில் டெபியனின் நிலையான பதிப்புக்குள் செல்லுமுன்பே பிடிபட்டதால் உலகம் தப்பியது.

என்னைக் கேட்டால், அந்தத் தனிமனிதரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய நிரலகத்தின்மேல் கோடிக்கணக்கான கணினிகளின் பாரம் ஏறியிருந்தது. ஏற்றிவைத்தவர்களில் எத்தனை பேர் அவர் பெயரை அறிந்திருந்தார்கள்? சீட்டில் ஒரு பெயரை எழுதும்போது, ஒரு மனிதரின் ஓய்வு நேரத்தையும் நம் சுவரில் ஒரு செங்கல்லாக வைக்கிறோம்.

பிறகு நடந்தவை கவனிக்கத்தக்கவை. 2024 ஜூலை 1 அன்று வெளிவந்த ஓபன்-எஸ்.எஸ்.ஹெச். 9.8 பதிப்பில், "ஆயத்தமாகிவிட்டேன்" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் பகுதியை அவர்களே சில வரிகளில் எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்காக வேறெந்த நிரலகமும் வேண்டியதில்லை. சிஸ்டம்-டியாரும், சுருக்கும் நிரலகங்களை எப்போதும் சுமந்திராமல் உண்மையிலேயே தேவை நேரும்போது மட்டும் ஏற்றிக்கொள்ளும் முறைக்கு மாறினார்கள். அந்த மாற்றத்துக்கான வேலை கள்ளத்தனம் வெளிப்படுமுன்பே தொடங்கியிருந்தது. 2024 ஜூனில் வந்த 256ஆம் பதிப்பில் அது மக்களுக்குக் கிடைத்தது.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ உபுண்டு இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஏதேனும் ஒரு சர்வர் பொதியை நிறுவச் சொல்லுங்கள். உடனே நிறுவிவிடாமல், கணினி ஒரு பட்டியலைக் காட்டிச் சம்மதம் கேட்கும். நாம் ஒன்று கேட்டிருப்போம். பட்டியலில் இருபதோ முப்பதோ இருக்கும். பலரும் படிக்காமலே சம்மதித்துவிடுவார்கள். நீங்கள் "வேண்டாம்" என்று சொல்லி நிறுத்திவிட்டு, அந்தப் பட்டியலிலிருந்து தெரியாத பெயர் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்டிட்யூட் என்னும் கருவியில், ஒரு பொதி எதன் பொருட்டு வருகிறது என்று சங்கிலியை எடுத்துக்காட்டும் கட்டளை உண்டு. "ஏன்" என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லான "ஒய்" என்பதே அந்தக் கட்டளையின் பெயர். அந்தக் கருவியும் தனிப் பொதியாகத்தான் வருகிறது. அதை நிறுவும்போதும் கணினி ஒரு பட்டியலைக் காட்டும்.